தூணைச் சுற்றிய டிராகன்

(சீனப் பழங்கம்பளங்களின் கோலங்கள் குறித்து வெலிங்டனில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1841-ஆம் ஆண்டு மே மாதக் கடைசி. கான்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி கிராமத்து வயல்வெளியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மதராஸ் காலாட்படையின் 37-ஆம் பிரிவைச் சேர்ந்த ஒரு கம்பெனி, பின்வாங்கிக்கொண்டிருந்த படையிலிருந்து விலகி, ஆயிரக்கணக்கான சீன ஊர்க்காரர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. சிப்பாய்களின் நெருப்புக்கல் துப்பாக்கிகள் நனைந்துபோய் வெடிக்க மறுத்தன. சதுரமாக அணிவகுத்து நின்று தாக்குப்பிடித்த அவர்களைத் தேடிவந்து மீட்டவர்கள், மழையிலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கி வைத்திருந்த பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள். முதல் அபினிப் போரின் பெரிய வரலாற்றில் இது ஒரு சின்னச் சம்பவம். ஆனால் போர் முடிந்ததும், அதில் பங்கேற்ற மதராஸ் படைப்பிரிவுகளுக்கு ‘சீனா’ என்ற போர்ப்பெருமையோடு ஒரு சின்னமும் கிடைத்தது. தலையில் முடி தரித்த டிராகன் அது.

மதராஸ் ரெஜிமெண்டின் தலைமையிடம் இன்று வெலிங்டனில் இருக்கிறது. அதன் தொப்பிச் சின்னமான யானை 1803-ஆம் ஆண்டு அசாயே போரிலிருந்து வந்தது. அந்தப் போரை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லி பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனார். ஜெகதளா என்று வழங்கிய இடத்தில் எழுந்த இந்தப் பாசறை ஊருக்கும் அவர் பேரே விழுந்தது. யானையின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். டிராகனின் கதையைக் கேட்டவர்கள் குறைவு. சீனாவில் மழை தரும் தெய்வ விலங்காகவும் பேரரசரின் அடையாளமாகவும் இருந்த ஒன்று, கடல் தாண்டி வந்ததும் தோற்றவரிடமிருந்து பறித்த கொடிபோல ஆகிவிட்டது. உருவத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை. அது ஏறி உட்கார்ந்த இடம் மாறியது, பொருளும் கூடவே மாறியது.

சீனப் பழங்கம்பளங்களைப் பற்றிப் பேசும்போது இதையே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. தாமரை என்றால் தூய்மை, மாதுளை என்றால் மக்கட்பேறு, பீச் பழம் என்றால் நீண்ட ஆயுள் என்று அகராதிபோல அடுக்கிக் காட்டும் நூல்கள் நிறைய உண்டு. அந்தப் பட்டியல்கள் தவறில்லை, ஆனால் பாதிதான் உதவும். ஒரு கம்பளம் எங்கே விரிக்கப்பட்டது, அதில் யார் உட்கார்ந்தார், அது தரையில் கிடந்ததா சுவரில் தொங்கியதா குதிரை முதுகில் கிடந்ததா என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் அதன் கோலத்தைப் படிக்க முடியாது.

இதற்குத் தூண் கம்பளத்தைவிட நல்ல சான்று கிடையாது.

வடமேற்குச் சீனாவின் நிங்ஷியா பகுதியில், குறிப்பாக 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், திபெத்திய பௌத்த மடாலயங்களுக்காக நெய்யப்பட்டவை இவை. மடாலயத்தின் வழிபாட்டுக் கூடத்தில் மரத்தூண்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குப் போர்த்தத்தான் இந்தக் கம்பளங்கள். உயரம் அதிகம், அகலம் தூணின் சுற்றளவு எவ்வளவோ அவ்வளவு. இதைத் தரையில் விரித்துப் பார்த்தால் முதலில் குழப்பமாக இருக்கும். இடது ஓரத்தில் டிராகனின் உடல் வெட்டுண்டு நிற்கும், வலது ஓரத்தில் ஒரு கால் மட்டும் எங்கிருந்தோ முளைத்திருக்கும். மற்ற கம்பளங்களில் நான்கு புறமும் ஓடும் கரை இதில் பக்கவாட்டில் இராது. நெய்தவர் தவறிவிட்டார் என்றுகூடத் தோன்றும். இரண்டு ஓரங்களையும் தூணைச் சுற்றி இணைத்ததும் வெட்டுண்ட உடல் சேர்ந்துகொள்ளும், கால் தன் இடத்துக்கு வந்துவிடும், டிராகன் தூணைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். அடியில் அலைகளும் மூன்று முகடு கொண்ட மலையும் இருக்கும். உச்சியில் பல்லைக் காட்டும் பூத முகங்கள், அவற்றின் வாயிலிருந்து தொங்கும் மணிமாலைகள். தஞ்சை, தாராசுரம் கோயில்களில் கீர்த்திமுகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த உச்சிப் பட்டை அந்நியமாகத் தெரியாது. இந்தியக் கோயில் வாசலில் பிறந்த அந்த முகம் பௌத்தத்தோடு இமயம் கடந்து போய்க் கம்பளத்தில் ஏறியது.

இன்று இவை ஏலக்கூடங்களில் தட்டையாகத் தொங்குகின்றன. பணக்கார வீடுகளில் சுவரில் ஆணியடித்து மாட்டப்படுகின்றன. வாங்கியவர் தினமும் பார்ப்பது துண்டுபட்ட டிராகனைத்தான். அதையும் கலை என்று ரசிக்கலாம், ரசிக்கிறார்கள். ஆனால் நெய்தவர் மனதில் வைத்திருந்தது அந்தக் காட்சி இல்லை.

நிங்ஷியாக் கம்பளத்தின் கட்டுமானமும் கவனிக்கத்தக்கது. பாவும் ஊடையும் பருத்தி, முடிச்சு கம்பளி. ஒரு சதுர அங்குலத்தில் ஐம்பது, அறுபது முடிச்சு இருந்தாலே பெரிது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற பாரசீகத்து ஆர்தபீல் கம்பளத்தில் அதே இடத்துக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட முடிச்சுகள் உண்டு. இந்த எண்ணிக்கையை வைத்துச் சீனக் கம்பளத்தை மட்டம் தட்டியவர்கள் ஐரோப்பாவில் நீண்ட காலம் இருந்தார்கள். அது சரியான அளவுகோல் ஆகாது. பாரசீக நெசவாளர் இடத்தை நிரப்பினார், இண்டு இடுக்கெல்லாம் கொடியும் பூவும். சீன நெசவாளர் இடத்தைக் காலியாக விட்டார். பரந்த வெளிர்மஞ்சள் பரப்பில் நடுவே ஒரு வட்டம், மூலைக்கு ஒரு பூங்கொத்து, அவ்வளவுதான். அதற்கு ஐம்பது முடிச்சு போதும். அவுரி நீலத்தில் இரண்டு மூன்று சாயை, மஞ்சள், தந்த நிறம், கொஞ்சம் பழுப்பு என்று நிறங்களும் கைவிரலில் எண்ணக்கூடியவை. பழுப்பு நிறத்துக்குச் சேர்த்த இரும்புச் சத்து காலப்போக்கில் கம்பளியை அரித்துவிடும். அதனால் பழைய கம்பளங்களில் பழுப்புக் கோடுகள் பள்ளமாகவும், அவற்றை ஒட்டிய பூக்கள் மேடாகவும் தெரியும். பிற்காலத்தில் தியான்ஜின் தொழிற்கூடங்களில் கத்தரிக்கோலால் வெட்டி இதே மேடுபள்ளத்தைச் செயற்கையாக உண்டாக்கினார்கள்.

நிறம் என்றதும் மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. பீஜிங் அரண்மனையில் மிங் பேரரசர்கள் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டிலும் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், விரித்திருந்த பெருங்கம்பளங்கள் சில இன்றும் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று 2021 நவம்பரில் பாரிஸ் நகரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 68 லட்சம் யூரோவுக்கும் மேல் விலைபோனது. சுடர்விடும் முத்தைத் துரத்தும் இரண்டு ஐந்து நக டிராகன்கள் அதில் உண்டு. ஐந்து நகம் பேரரசருக்கு, நான்கு நகம் இளவரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் என்பது விதி. விதி இருந்தது என்றால் மீறலும் இருந்தது என்று கொள்ள வேண்டும். பிற்காலக் கம்பளங்களில் நகங்களை எண்ணி உரிமையாளரைக் கண்டுபிடிக்கப் பார்ப்பது வீண் வேலை. அந்தப் பழைய கம்பளங்களின் பரப்பு இன்று மங்கிய மஞ்சளாகத் தெரிகிறது. பேரரசருக்கு உரிய மஞ்சள் அல்லவா, பொருத்தம்தானே என்று பலரும் வியப்பார்கள். உண்மையில் அவை சிவப்பாக இருந்தவை. பதிமுகக் கட்டையின் சாயம் வெளிச்சம் படப்பட வெளுத்துப்போனதன் மிச்சம் அந்த மஞ்சள். கூடலூர் தாண்டிக் கேரளத்துக்குள் போய் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் இளஞ்சிவப்பாகக் கொதிநீர் தருவார்களே, அந்தக் கட்டைதான். சிவப்பு மண்டபம், சிவப்புத் தூண், சிவப்புக் கம்பளம், நடுவே அரியணை என்று ஒருகாலத்தில் இருந்த காட்சியை இன்றைய மஞ்சளை வைத்து ஊகிக்கவே முடியாது.

இனி, சின்னங்களுக்கு வரலாம். சீனக் கம்பளத்தில் மிக அதிகமாகக் காணப்படும் உயிர்களில் ஒன்று வௌவால். நம் ஊரில் வீட்டுக்குள் வௌவால் நுழைந்தால் விளக்குமாற்றைத் தேடுவோம். சீன மொழியில் வௌவாலைக் குறிக்கும் சொல்லும் நற்பேற்றைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலி. அதனால் வௌவால் மங்கலம். ஐந்து வௌவால்கள் வட்டமாகப் பறந்தால் ஆயுள், செல்வம், உடல்நலம், நல்லொழுக்கம், அமைதியான முடிவு என்ற ஐந்து பேறுகள். மான் அரசாங்கச் சம்பளத்தைக் குறிக்கும். மீன் மிகுதியை, பூச்சாடி அமைதியைக் குறிக்கும். எல்லாமே ஒலிப்பொருத்தத்தால் வந்தவை. ஆக, கம்பளத்தில் இருப்பது ஓவியம்போல் தெரிந்தாலும் வாய்விட்டுப் படிக்க வேண்டிய வாழ்த்து அது. மணவீட்டுக்கும் மூத்தவரின் பிறந்தநாளுக்கும் எந்த வாழ்த்து பொருந்தும் என்று பார்த்துத் தேர்ந்தார்கள். நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் அச்சிடும் குத்துவிளக்கும் வாழைமரமும்போல, அன்றைய வீட்டாருக்கு அவை விளக்கம் தேவைப்படாத படங்கள்.

இன்னொரு கூட்டம் சின்னங்கள் நம்மூரிலிருந்து போனவை. சக்கரம், வலம்புரிச் சங்கு, குடை, வெற்றிக்கொடி, தாமரை, கலசம், இரட்டை மீன், முடிவில்லா முடிச்சு என்ற எட்டும் பௌத்தத்தின் எண்மங்கலங்கள். இவற்றுக்கு நெருங்கிய உறவான அஷ்டமங்கலங்களைச் சமணர்களும் போற்றுகிறார்கள். முடிவில்லா முடிச்சு இந்தியாவின் ஸ்ரீவத்ஸத்திலிருந்து வளர்ந்தது என்பர். ஸ்வஸ்திகமும் அப்படித்தான் போனது. ஆனால் அங்கே அதற்குப் பத்தாயிரம் என்ற எண்ணின் ஒலி ஏறிக்கொண்டது. ஸ்வஸ்திகங்களைச் சங்கிலியாகக் கோத்து ஓடும் கரை ‘பத்தாயிரம் மடங்கு’ என்று நடுவில் இருக்கும் வாழ்த்தைப் பெருக்கிக் காட்டும். நம் வாசல் கோலத்தில் அது செய்யாத வேலை.

இந்தச் சின்னங்கள் எங்கே அமர்ந்தன என்பதை மறுபடியும் பார்க்க வேண்டும். வடசீனத்தின் குளிர்காலம் நீலகிரியின் உறைபனியைச் சாதாரணமாக்கிவிடும். அங்கே வீடுகளில் செங்கல்லால் கட்டிய அகலமான திண்ணை ஒன்று இருக்கும். பேர் காங். அடியில் அடுப்புப் புகை ஓடிச் சூடேற்றும். உண்பது, உறங்குவது, விருந்தாளியை உட்காரவைப்பது எல்லாம் அதன்மேல்தான். அதற்காக நெய்த கம்பளத்தின் நடுவில் சிறு மேசை போடுவார்கள். மடாலயங்களுக்கான நீண்ட கம்பளத்தில் ஒரே சதுரம் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். சதுரத்துக்கு ஒரு துறவி. அலுப்பூட்டும் கோலம் என்று ஒரு வெளிநாட்டு வணிகர் நினைத்திருக்கலாம். அதில் துறவிகள் அமர்ந்தால் சதுரமே தெரியாது, ஓரம் மட்டும்தான் தெரியும். குதிரைச் சேணக் கம்பளம் இரண்டு பாதியாக நெய்து தைக்கப்படும். இருபுறமும் கோலம் நிமிர்ந்து தெரிய வேண்டுமே.

கம்பளங்கள் இடம்மாறிய கதையில் நம் கடற்கரைக்கும் பங்குண்டு. ஜப்பானின் கியோட்டோ நகரில் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் கியோன் திருவிழாவில் தேர்கள் வலம் வரும். அவற்றின் பக்கங்களைப் பழங்கம்பளங்களால் அலங்கரிப்பார்கள். சீனக் கம்பளங்களோடு அங்கே தக்காணத்துக் கம்பளங்களும் தொங்குகின்றன. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்தவை அவை. பழவேற்காடும் மசூலிப்பட்டினமும் அந்தக் கம்பெனியின் சோழமண்டலத் தளங்கள். இந்தியாவில் அந்த வகைக் கம்பளங்களே அருகிவிட்ட பிறகு, அவற்றைப் பற்றி அறிய ஆய்வாளர்கள் கியோட்டோவின் தேர்களைத்தான் நாட வேண்டியிருந்தது. தரைக்கு நெய்தது தேருக்கு ஏறியதால் பிழைத்தது. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே வந்து, மற்ற நாளெல்லாம் பெட்டியில் உறங்கினால் எந்தக் கம்பளமும் முந்நூறு ஆண்டு தாங்கும்.

மசூலிப்பட்டினத்தில் நெய்த கம்பளங்களின் பிற்காலம் சோகமானது. ஜார்ஜ் பேர்ட்வுட் 1880-இல் வெளியிட்ட இந்தியத் தொழிற்கலைகள் பற்றிய நூலில், இங்கிலாந்து இறக்குமதியாளர்கள் நெசவாளர்களிடம் மலிவுப் பொருள்களைத் திணித்து அந்தக் கம்பளங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்று வெளிப்படையாகக் குறைகூறினார். எச். டி. ஹாரிஸ் 1908-இல் தென்னிந்தியக் கம்பள நெசவு பற்றித் தனி நூலே எழுதினார். அவர் பார்த்த ஊர்களில் நம் வாலாஜாப்பேட்டையும் அடக்கம்.

தியான்ஜினிலும் ஏறக்குறைய இதேதான் நடந்தது, கொஞ்சம் செழிப்பாக. 1900-இல் பாக்ஸர் கிளர்ச்சியை அடக்கப் போன எட்டு நாட்டுப் படைகள் பீஜிங்கைக் கொள்ளையடித்தன. சீனக் கலைப்பொருள்கள் மேற்கே குவிந்தன, கம்பளத்துக்கும் கிராக்கி பிறந்தது. 1920-களில் வால்டர் நிக்கல்ஸ் என்ற அமெரிக்கர் தியான்ஜினில் நெய்யவைத்த கம்பளங்கள் கனமானவை, பளபளப்பானவை. ஊதா, மரகதப் பச்சை, ஒயின் சிவப்பு என்று நிறங்கள் கண்ணைப் பறிக்கும். கரையே இல்லாமல், ஒரு மூலையில் மட்டும் பியோனிச் செடியும் எதிர்மூலையில் ஒரு பறவையும் இருக்கும். அமெரிக்க வரவேற்பறையில் நடுவே சோபாவும் மேசையும் போட்டுவிடுவார்கள், மூலைதான் கண்ணில் படும் என்ற கணக்கு அதில் தெரிகிறது. பூவும் பறவையும் பழைய சின்னங்களே. வாங்கியவருக்கு அவை வெறும் பூவும் பறவையும். இவற்றைப் போலி என்று ஒதுக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. அது கறாரான தீர்ப்பு. சிகாகோ வீட்டுக்காகச் சிந்தித்து நெய்ததைச் சிகாகோ வீட்டில் வைத்து மதிப்பிடுவதுதான் நியாயம்.

நீலகிரிக்குச் சீனர்களும் வந்தார்கள். 1860-களில் நடுவட்டம் சின்கோனாத் தோட்டங்களில் வேலை செய்ய, மலாக்கா நீரிணைப் பகுதியின் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் தண்டனை பெற்ற சீனக் கைதிகள் அனுப்பப்பட்டனர். விடுதலைக்குப் பிறகு சிலர் நடுவட்டம், கூடலூர்ப் பக்கமே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்தார்கள். மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். கம்பளம் கொண்டுவரும் நிலையில் அவர்கள் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தூண் கம்பளத்தோடு ஒப்பிடத்தக்க ஒன்று இந்த மலையிலேயே இருக்கிறது. தோடர்களின் பூத்துக்குளி. இது கம்பளமன்று, தடித்த பருத்திப் போர்வை. தோடர்கள் துணி நெய்வதில்லை. கரைப்பட்டைகள் ஓடும் வெள்ளைத் துணியை வெளியிலிருந்து வாங்கி, அந்தப் பட்டைகளுக்கு இடையே கம்பளி நூலால் பெண்கள் வேலைப்பாடு செய்கிறார்கள். வரைபடம் கிடையாது, சட்டகம் கிடையாது. பாவு இழையையும் ஊடை இழையையும் எண்ணி எண்ணி ஊசி போகும். சிவப்பும் கறுப்பும்தான் இன்றைய நிறங்கள். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-இல் ‘தி தோடாஸ்’ என்ற நூலை வெளியிட்ட காலத்தில் சிவப்பும் நீலமும் இருந்தன. முயல்காது, எருமைக்கொம்பு என்று கோலங்களுக்குப் பெயர் உண்டு. ஆதிப் பூசாரி ஒருவரை நினைவுகூரும் கறுப்பு முக்கோணக் கோலமும் உண்டு.

போர்வை இரட்டை மடிப்பாக இருக்கும், உள்ளே பைபோல இடம் கிடைக்கும். ஆண்கள் இடத்தோளில் போட்டு வலக்கையை வெளியே விடுவார்கள். வலத்தோளைத் திறந்துகாட்டுவது அவர்களிடையே மரியாதைக் குறி என்று ரிவர்ஸ் பதிவு செய்திருக்கிறார். இப்படிப் போர்த்தும்போது துணியின் பெரும்பகுதி வெறும் வெள்ளையாகவே தெரியும். வேலைப்பாடு விளிம்புப் பட்டைகளில் மட்டும் திரண்டு, உடலைக் குறுக்காகச் சுற்றி வரும். தூண் கம்பளத்துக்குத் தூண் எப்படியோ, பூத்துக்குளிக்கு மனித உடல் அப்படி. இறந்தவரையும் பூத்துக்குளியில்தான் சுற்றுகிறார்கள். மேசையில் விரித்து வைத்து இதன் அழகை அளக்க முடியாது.

தோடர் வேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டாயிரம் பேருக்கும் குறைவான ஒரு சமூகத்துக்கு அது சிறிய விஷயமில்லை. கைப்பை, மேசைவிரிப்பு, சால்வை, கைப்பேசி உறை என்று இன்று ஊட்டியிலும் குன்னூரிலும் கிடைப்பவை சந்தைக்காகச் செய்யப்படுபவை. அவற்றால் வீட்டுக்குப் பணம் வருகிறது, பெண்கள் கையில் வருகிறது. அதைக் குறைசொல்ல இடமில்லை. தொந்தரவு வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கோலத்துக்கும் ‘இதன் அர்த்தம் என்ன’ என்று சுற்றுலாப் பயணி கேட்கிறார். கேட்டால் பதில் வேண்டும். மலை என்றால் வலிமை, சிவப்பு என்றால் வீரம் என்று கடைக்காரர் எதையாவது சொல்லிவைக்கிறார். சீனக் கம்பளத்தில் வாழ்த்து உண்டு, படிக்கலாம். தோடர் கோலத்தில் எல்லாவற்றுக்கும் அப்படி வாசகம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. எருமைக்கொம்பு எருமைக்கொம்பாகவே இருக்கலாம். எருமையை மையமாக வைத்து வாழும் மக்களுக்கு அதற்குமேல் விளக்கம் எதற்கு?

வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதில் எது மேற்பக்கம்? தையலின்போது நூலைச் சற்றே புடைத்து நிற்க விடுவார்கள். சொரசொரப்பாகத் தெரியும் அந்தப் பக்கத்தைத்தான் தோடர்கள் நல்ல பக்கம் என்று கொள்கிறார்கள். நேர்த்தியாக, வழவழப்பாக இருக்கும் மறுபக்கத்தைப் பார்த்ததும் அதுதான் முகம் என்று நினைத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். சட்டம் போடத்தான் வேண்டும் என்றால் பின்புறமும் கண்ணாடியே வைக்கச் சொல்லலாம். தச்சருக்கு அது கூடுதலாக அரைநாள் வேலை.